டீச்சரம்மாவின் லாகின்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை இன்னும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எதையாவது கொறித்துக்கொண்டிருக்கிறாயா? இங்கே உன் மாமாவுக்கு முதுகு வலி அப்படியேதான். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகிறது. வீட்டில் இருந்தபடி காய் நறுக்கிக் கொடுக்கிறார். ஒரு துண்டு யானை, ஒரு துண்டு எறும்பு. எனக்குச் சாயங்காலமானால் கால் வீங்குகிறது. மற்றபடி இருக்கிறோம்.

போனில் கேட்கக் கூடாதா என்பாய். போனில் நமக்கு நாலாவது நிமிடம் சண்டை வந்துவிடுகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அதுவும் போக, நாளெல்லாம் திரையைப் பார்த்த கண்ணுக்குக் காகிதம் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமை வருடக் கடைசியில் மூடுகிறார்கள். பதினெட்டு வருடமாக நான் எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி அடுக்கிய கோப்புகள், கம்ப்யூட்டரில் ஏற்றியவை, எல்லாமே கிளவுட்டுக்குப் போகின்றனவாம். நாங்கள் ஐந்து பேர். ஒருவருக்குத்தான் இடம். பதவிக்குப் பெயர் கோப்பு அணுகல் பொறுப்பாளர். செப்டம்பருக்குள் கிளவுட்டிலோ கம்ப்யூட்டர் பாதுகாப்பிலோ ஒரு ஆரம்பநிலைச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்கினால், சீனியர் என்ற முறையில் எனக்குத்தான் என்று நிர்வாகி வாய்விட்டே சொல்லிவிட்டார். வாங்காவிட்டால் உன் மாமாவுக்குத் துணையாக நானும் காய் நறுக்க வேண்டியதுதான்.

நீ இந்தத் தொழிலிலேயே ஊறியவன். நாற்பத்தேழு வயதுக்காரி எந்தப் பக்கம் போவது, சொல்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


பிப்ரவரி 19

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மாமாவைக் குனிந்து எதையும் தூக்க விடாதே. நீயும் கால்களை உயரத்தில் வைத்து உட்கார். நான் சௌக்கியம். வேலை எப்போதும் போல இருக்கிறது.

முதலில் ஒரு கேள்வி. ஆஸ்பத்திரிப் படிவத்தின் பின்பக்கத்தில் கடிதம் எழுதியிருக்கிறாயே, முன்பக்கம் யாருடைய பெயராவது இருந்ததா என்று பார்த்தாயா? இருக்கவில்லை. நல்ல வேளை. கோப்பு அணுகல் பொறுப்பாளர் பதவி தபாலிலேயே பறிபோயிருக்கும்.

இப்போது பாதை. ஆறு வாரத்தில் நிபுணர் ஆக்குகிறோம் என்று கூவுகிறவர்கள் பக்கமே போகாதே. ஒரே நேரத்தில் நாலு பாடத்தில் சேராதே. சேருகிறவர்களில் பாதிப் பேர் முதல் வாரத்தோடு நின்றுவிடுகிறார்கள். பெரிய கிளவுட் கம்பெனி ஏதாவது ஒன்றின் அடிப்படைத் தேர்வு, அது போதும். புரோகிராம் எழுத வராவிட்டாலும் பாஸ் செய்யலாம். தினமும் ஒரு மணி நேரம், நாலைந்து மாதம். பாடத்தோடு இலவசமாகப் பழகிப் பார்க்க ஒரு கணக்கு தருவார்கள், அதைத் திறந்து கையால் செய்து பார். படித்து மட்டும் மண்டையில் ஏறாது.

கிளவுட் என்றால் மாயமந்திரம் இல்லை. யாரோ ஒருவரின் கட்டடத்தில், யாரோ ஒருவரின் கம்ப்யூட்டரில் உன் கோப்பு வாடகைக்கு இருக்கிறது. கட்டடத்துக்குக் காவல் அவர்கள் பொறுப்பு. சாவியை யாரிடம் கொடுத்தாய் என்பது உன் பொறுப்பு. முதல் பாடம் முழுக்க இதைத்தான் சுற்றிச் சுற்றிச் சொல்லும்.

பாதுகாப்புப் பக்கம் மட்டும் போகாதே. அது உனக்கு வேண்டாம்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நீ நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இரண்டு பக்கக் கடிதத்தில் உன்னைப் பற்றி ஒன்றரை வரிதான் எழுதியிருந்தாய்.

படிக்கத் தொடங்கிவிட்டேன். காலையில் ஐந்து மணிக்கு எழுந்து உட்காருகிறேன். பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு கேட்கிறேன். பாடம் சொல்கிற பையன் சிரித்துக்கொண்டே பேசுகிறான். அவனுக்கென்ன, கால் வீங்கவில்லை. ஒரு பக்கம் படித்தால் முந்தின பக்கம் மறந்துபோகிறது. உன் மாமா கேள்வி கேட்டு, நான் பதில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நான் தப்பாகச் சொன்னாலும் "கரெக்டு"ங்கிறார். அவருக்கும் தெரியவில்லை, பாவம்.

ஆனால் ஒரு பாடம் படித்துவிட்டு பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அவர் லாகினை மூட வேண்டுமாம். எங்கள் கதையைக் கேள். எங்களோடு டீச்சரம்மா என்று ஒருவர் இருந்தாரே, எல்லார் கையெழுத்தையும் திருத்துவாரே, அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. தினமும் காலை எட்டரைக்கு எங்கள் அறையில் முதலில் வேலைக்கு வருவது இன்னும் அவர்தான்! அவர் லாகினில் எல்லாப் பிரிவுக் கோப்பும் திறக்கும். எங்களுடையதில் ஆளுக்கு ஒரு பிரிவுதான். எங்களுக்கும் எல்லாப் பிரிவையும் திறந்துவிடச் சொல்லிக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு எழுதிப் போட்டால் மூன்று மாதம் கிடக்கும். அவர் படுக்கையில் விழுந்தபோது, "வேலை நிக்கக் கூடாதும்மா" என்று அவரே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். ஐந்து பேரும் அதில்தான் ஓட்டுகிறோம். லீவே எடுக்காத ஊழியர் என்று அவருக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

சிரித்தாயா? பதில் போடு.

அக்கா


ஏப்ரல் 22

அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லாரும் நலம் என்று நம்புகிறேன்.

அந்த லாகினை மூடச் சொல். எழுத்தில் கேள். இதைப் பற்றி இனி எனக்குத் தமாஷாக எழுதாதே.

தேர்வு எழுதப் போகும்போது இரண்டு அடையாளச் சான்று எடுத்துக்கொள். அதில் இருக்கிற பெயரும் நீ பதிந்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அதில் ஒரு புள்ளி குறைந்து திரும்பிப் போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது உண்டு. வாட்ச், பர்ஸ், கைக்குட்டை, எல்லாம் லாக்கருக்குள் போய்விடும். சட்டைக் கையை முழங்கை வரை மடிக்கச் சொல்வார்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அவர்கள் கையில் கொடுத்தால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத் தருவார்கள். சட்டைப் பை இருந்தால் உட்புறம் வெளியே வரும்படி இழுத்துக் காட்ட வேண்டும். கூச்சப்படாதே, பார்க்கிறவனுக்கும் அது பிடித்த வேலை இல்லை. எழுதிப் பார்க்க ஒரு பிளாஸ்டிக் தாளும் மார்க்கரும் கொடுப்பார்கள். மார்க்கர் எழுதாது. உட்காரும் முன்பே வேறு கேள். ஏசிக்கு நேர் கீழே இடம் கிடைத்தால் மாற்றச் சொல். வாயைத் திறந்து கேட்டால் மாற்றித் தருவார்கள், யாரும் கேட்பதில்லை.

தம்பி


ஏப்ரல் 30

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீயும் அப்படியே இருப்பாய்.

ஏழு வாரம் கழித்து வந்த கடிதத்தில் திட்டு மூன்று வரி. நான் உனக்கு மூத்தவள், நினைவிருக்கட்டும். சிரிக்க ஒன்றுமில்லாத வாழ்க்கையில் ஒரு விஷயத்துக்குச் சிரித்தேன், அது குற்றமா?

நீ சொன்னபடி கம்ப்யூட்டர் பிரிவு அதிகாரியிடம் கேட்டேன். எழுத்தில் இல்லை, வாயால்தான். "எல்லாத்தையும் மாத்தும்போது பாத்துக்கலாம், இப்ப மூடுனா உங்க வேலைதான் நிக்கும்"ன்னார். அதுவும் நிஜம்தான். ஒரு நாளைக்கு நூற்றைம்பது கோப்பு கேட்கிறார்கள். நான் திரும்பி வந்து டீச்சரம்மாவாக உட்கார்ந்துகொண்டேன். எனக்கு அலுத்துவிட்டது, தம்பி. அவ்வளவுதான்.

தேர்வு ஆகஸ்ட் பதினொன்று. பணம் கட்டியாகிவிட்டது.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. கோபமா, உடம்பு சரியில்லையா, தெரியவில்லை. உன் கோபத்தைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு இப்போது நேரமில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பெண் எங்கள் கவுண்டருக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். பள்ளிக்கூட வேனில் குழந்தைகளை ஏற்றி இறக்கி விடுகிற வேலை. எங்களிடம் வலிப்புக்கு மருந்து வாங்குகிறவள். மூன்று வருடமாக வலிப்பு ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனாலும் விஷயம் எப்படியோ பள்ளிக்கூடத்துக்குப் போய், வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். மருந்துச் சீட்டில் இருந்த வார்த்தையைக்கூட அப்படியே சொன்னார்களாம். அவள் சத்தம் போடவில்லை. "யாரு பாத்தாங்கன்னு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாள்.

எழுத்தில் புகார் கொடுத்தாள். நிர்வாகி பதிவை எடுத்துப் பார்த்தார். நவம்பரில் மருந்து வாங்க வராத ஒரு நாளில் அவள் கோப்பு திறக்கப்பட்டிருக்கிறது. திறந்தவர் பெயர் டீச்சரம்மா.

நிர்வாகி இங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. "இவங்க எங்கே?" என்றார். எங்களில் ஒருத்தி, "இறந்துட்டாங்க சார்" என்றாள். எப்போது என்று அவர் கேட்கவில்லை. நாங்கள் ஐந்து பேரும் சொல்லவும் இல்லை. "அப்போ முடிஞ்சுது"ன்னு எழுந்து போய்விட்டார். சம்பந்தப்பட்ட ஊழியர் காலமாகிவிட்டதால் மேல்நடவடிக்கை இல்லை என்று அந்தப் பெண்ணுக்கு ஒரு பதில் டைப் செய்யச் சொன்னார். டைப் செய்ய வேண்டியது நான். இருபத்தெட்டாம் தேதி கையெழுத்து.

அறையில் எல்லார் முகத்திலும் உயிர் வந்துவிட்டது. எனக்கும்தான், பொய் சொல்ல மாட்டேன். உண்மையைச் சொன்னால் பதவி போகும். அந்த லாகின் தப்பு என்று மார்ச்சிலிருந்தே தெரிந்தவள் நான். ஆனால் டீச்சரம்மா ஒரு நோயாளியின் பெயரைக்கூட வாய்விட்டுப் படிக்க மாட்டார், எண்ணைத்தான் சொல்வார். அவர் பெயரை அந்தக் காகிதத்தில் நான் எப்படி அடிப்பது?

நான் என்ன செய்யட்டும்? இதற்காவது சீக்கிரம் எழுது.

அக்கா


ஜூன் 13

அக்காவுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கவலைப்படாதே. உன் கால் வீக்கத்துக்கு ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

நீ எதுவும் சொல்லாதே. பதிலை டைப் செய்து கொடு. இறந்தவருக்கு வேலை போகப் போவதில்லை, உனக்குப் போகும். மாமாவை நினைத்துப் பார். பதவிக்கு வந்த பிறகு அந்த லாகினை நீயே மூடிவிடு. இனிமேல் எல்லாவற்றையும் ஒழுங்காக வைத்துக்கொள். இதுதான் எல்லாரும் செய்வது. ஒரு வருடம் போனால் யாருக்கும் நினைவிருக்காது.

தம்பி


ஜூன் 18

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நீ நன்றாக இருக்கிறாயா? உண்மையில்?

உன் கடிதம் நாலே நாளில் வந்தது. மூன்று முறை படித்தேன். இது நீ பேசுகிற பேச்சே இல்லை. சின்ன வயதில் கண்ணாடி டம்ளரை நான் உடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்தால், "நான் செய்யலை" என்று நீ அழுவாய். உன்னை யாரும் கேட்டே இருக்க மாட்டார்கள்.

சண்டை வந்தாலும் பரவாயில்லை என்று உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. உன் அலுவலகத்துக்குச் செய்தேன். நீ அங்கிருந்து போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது என்று ஒரு பெண் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன்.

பிறகு உன் பழைய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மார்க்கர் எழுதாது என்று உனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் போகிறவர்கள் வாரத்துக்கு இரண்டு பேர் என்று எண்ணுகிறவன் யார்? தேர்வு எழுதப் போகிறவன் அதையெல்லாம் எண்ண மாட்டான்.

திட்டவில்லை. சொல்.

அக்கா


ஜூன் 22

அக்காவுக்கு,

நான் நன்றாக இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை.

தேர்வு மையத்தில் வேலை செய்கிறேன். வருகிறவர்களின் கண்ணாடியை வாங்கித் திருப்பிப் பார்க்கிறேன். பையை இழுத்துக் காட்டச் சொல்கிறேன். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, அவர்கள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதிப் பாஸ் செய்த அதே தேர்வுகள்தான்.

ஒல்லியை உனக்குத் தெரியும். அம்மா காரியத்துக்கு என்னோடு வந்து மூன்று நாள் தங்கி எல்லா வேலையும் செய்தானே, அவன். எங்கள் கம்பெனியிலிருந்து வேறு இடத்துக்குப் போனான். போகும்போது, "ரெண்டு நாள் என் லாகினை விட்டு வைடா, பழைய மெயில் எல்லாம் எடுத்துக்கறேன்" என்றான். மூட வேண்டியவன் நான். சரியென்றேன். மறந்துபோனேன். ஐந்து மாதம் அது திறந்தே கிடந்தது. எவனோ அதன் வழியாக உள்ளே புகுந்து, வாடிக்கையாளர்களின் விவரங்களை அள்ளிக்கொண்டு போனான்.

அறிக்கை எழுதச் சொன்னார்கள். லாகின் ஏன் மூடப்படவில்லை என்று அதில் ஒரு கேள்வி. ஊழியர் பணி ஒப்படைப்பை முழுமையாக முடிக்கவில்லை என்று எழுதினேன். முழுப் பொய்கூட இல்லை, அக்கா. அவன் அடையாள அட்டையைத் திருப்பித் தந்திருக்கவில்லை. அந்த ஒரு வரியை அவன் புதிய கம்பெனிக்கு அனுப்பினார்கள். அவனை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு எங்கேயும் அவனை எடுக்கவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அவன் எனக்குத்தான் முதலில் போன் செய்தான். "யாரோ என் பேரை எழுதிட்டாங்கடா" என்று அழுதான். "பாக்கலாம், விடு" என்றேன்.

அறிக்கை தெளிவாக இருந்ததாக எனக்குப் பாராட்டு கிடைத்தது. நாலு மாதம் அங்கே உட்கார்ந்து பார்த்தேன், முடியவில்லை. என்னை யாரும் அனுப்பவில்லை, நானே வந்துவிட்டேன். பாதுகாப்புப் பக்கம் போகாதே என்று உன்னிடம் சொன்னதற்கும் இதுதான் காரணம்.

போன கடிதத்தில் சொன்னது எனக்கு நானே சொல்லிக்கொண்டது. உனக்கு எதுவும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. உன் இஷ்டப்படி செய்.

தம்பி


ஆகஸ்ட் 30

அன்புள்ள தம்பிக்கு,

இரண்டு மாதமாக எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. எழுதக் கையில் தெம்பு இல்லை. கால் வீக்கம் குறைந்திருக்கிறது, நீ சொன்ன பரிசோதனை செய்தேன், பயப்பட ஒன்றுமில்லை. உன் மாமா உன்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "அவனை ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லு" என்றார்.

ஜூன் இருபத்தாறாம் தேதி நிர்வாகியின் அறைக்குப் போனேன். டீச்சரம்மா இறந்த தேதியைச் சொன்னேன். மற்றதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, அவரே விரல் விட்டு எண்ணிவிட்டார். "இதை ஏம்மா எங்கிட்ட சொன்னீங்க?" என்றார். அவருக்கும் அலுப்புதான்.

அந்தப் பெண்ணுக்கு வேறு பதில் போனது. ஐந்து பேர் ஒரே லாகினைப் பயன்படுத்தினோம், அதனால் யார் பார்த்தது என்று எங்களால் சொல்ல முடியவில்லை, தவறு எங்களுடையது. டைப் செய்தது நான்தான். அவள் நேரில் வந்து வாங்கிக்கொண்டாள். நின்றபடியே படித்தாள். "அப்போ இந்த அஞ்சு பேர்ல ஒருத்தர்" என்று எங்களை வரிசையாகப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். பிறகு போய்விட்டாள். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்ததா என்று தெரியாது. நானே பஸ்ஸில் யாரிடமாவது வாய் தவறிச் சொல்லியிருப்பேனா என்று தினமும் யோசிக்கிறேன். இல்லை என்று சத்தியம் செய்ய முடியவில்லை. அறையில் நாலு பேரும் என்னோடு பேசுவதில்லை.

தேர்வு எழுதினேன். பாஸ். மார்க்கர் எழுதவில்லை, வேறு கேட்டு வாங்கினேன். என் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்த பையனை நிமிர்ந்து பார்த்தேன். அவன் கூச்சப்பட்டான்.

பதவி எனக்கு இல்லை. எங்களில் சின்னவள் ஒருத்தி இருக்கிறாள், அவளும் அதே தேர்வில் பாஸ் செய்திருந்தாள், அவளுக்குப் போய்விட்டது. என்னை வருடக் கடைசி வரை வெளிநோயாளிகள் சீட்டு எழுதுகிற கவுண்டரில் போட்டிருக்கிறார்கள். அப்புறம் என்ன என்று தெரியாது. சான்றிதழை வைத்துக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிகளுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். அடுத்து பாதுகாப்புத் தேர்வுக்குப் படிக்கிறேன். நீ வேண்டாம் என்றாய், இருந்தாலும் படிக்கிறேன்.

சொன்னதால் மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் எழுத மாட்டேன். ஆகவில்லை. களைப்பாக இருக்கிறது. ஆனால் டீச்சரம்மாவுக்கு ஒன்றும் ஆகாது என்று நீ எழுதியது சரி, அவர் இல்லை. ஒல்லி இருக்கிறான்.

வீட்டுக்கு வா.

அக்கா


செப்டம்பர் 7

ஒல்லிக்கு,

நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் இல்லை. வீட்டில் எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

யாரோ உன் பெயரை எழுதிவிட்டார்கள் என்று அன்றைக்கு என்னிடம் சொன்னாய். நான்தான். நீ இரண்டு நாள் கேட்டாய், கொடுத்தது நான். மூட மறந்ததும் நான். அறிக்கையில் உன் மேல் போட்டதும் நான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை.

இதையெல்லாம் விவரமாக எழுதி, கையெழுத்துப் போட்டு, நம் பழைய கம்பெனிக்கு ஒன்றும் உன்னை நிறுத்திய கம்பெனிக்கு ஒன்றும் இன்று காலை தபாலில் சேர்த்துவிட்டேன். ரசீது இரண்டும் இந்த உறைக்குள் இருக்கின்றன. அவை போன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் உனக்கு எழுதியிருந்தால், நீ "விடுடா" என்று சொல்லியிருப்பாய். நானும் விட்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னோடு வேலை பார்த்தவன்